தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

மேல்சித்தாமூர் மல்லிநாதர் கோயில் பாறையில் சமண முனிவர் பாகுபலியைச் செதுக்கியிருக்கிறார்கள். சிரவணபெளகொளாவில் அதே பாகுபலிக்கு மாபெரும் சிலை எடுத்தவர் கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயர். அவருக்காக நேமிசந்திரர் பத்தாம் நூற்றாண்டில் பிராகிருதத்தில் இயற்றிய நூல் கோம்மடசாரம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. அம்மடம் சார்ந்த திகம்பர மரபின் முதன்மை நூல்களுள் கோம்மடசாரமும் ஒன்று. அதன் சீவகாண்டம் என்னும் பகுதி மனிதர்களின் தொகையாக 29 இலக்க எண் ஒன்றைத் தருகிறது: 79228162514264337593543950336.

மக்கள்தொகைக் கணக்காக இதைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. எண்ணின் கட்டமைப்பில்தான் அழகு இருக்கிறது. 2-இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அடுத்து 256, 65536. ஐந்தாம் முறை 4294967296. இந்த ஐந்தாம் வர்க்கத்தின் கனமே நம் எண். அதாவது 2-இன் 96ஆம் அடுக்கு. மீதியே இல்லாமல் 96 முறை பாதியாக்கலாம். கடைசியில் 1 நிற்கும். காரணிகள் மொத்தம் 97. அவற்றின் கூட்டுத்தொகை, 2-இன் 97ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 97 பகா எண்தான். ஆனால் அந்தக் கூட்டுத்தொகை பகா எண் அல்ல, 11447 அதை வகுத்துவிடுகிறது.

நேமிசந்திரர் இத்தனை இலக்கங்களையும் ஒரே பாட்டில் அடக்கிய விதம்தான் எனக்குப் பெரும் வியப்பு. கடபயாதி முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம்: த என்றால் 6, ல என்றால் 3, ந என்றால் 0. பாட்டு ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குகிறது. எண்ணை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். 6, 3, 3, 0 என்று வரிசை பிசகாமல் 29 இலக்கமும் வந்துவிடுகின்றன. ஓர் எழுத்து மாறினாலும் எண் கெட்டுவிடும்; நூற்றாண்டுகள் கடந்தும் கெடவில்லை.

எண்ணைப் பாதியாக்கிப் பார்க்கும் சிந்தனை அவருக்கு முன்பே முதிர்ந்துவிட்டது. 816இல் முடிந்த 'தவளா' உரையில் வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை 'அர்த்தச்சேதம்' என்கிறார். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்ற விதியும் அதில் உண்டு. நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கை அட்டவணைக்கு இது ஈடு என்பது மிகை. வீரசேனர் அட்டவணை எதுவும் தரவில்லை. ஆனால் 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையின் கருத்து அங்கே தெளிவாக இருக்கிறது.

பெரிய எண்களைச் சொல்லும் இன்னும் பழைய சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், 458இல், சர்வநந்தி 'லோகவிபாகம்' என்ற சமண நூலை எழுதிய பாடலிகா என்னும் ஊர், கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இன்று கிடைப்பது சிம்மசூரியின் வடமொழி வடிவம். அதில் 13107200000 என்ற எண், சுழியங்கள் உட்பட, இடமதிப்பு வரிசையில் சொற்களால் சொல்லப்படுகிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் 131072. அதுவும் 2-இன் 17ஆம் அடுக்கே.

இந்தச் சமண மரபின் இன்னொரு கணித நூலான மகாவீராசாரியரின் கணிதசாரசங்கிரகத்தை ரங்காசாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தது 1912இல். 1929இல் விபூதிபூசண் தத்தா சமணக் கணித மரபைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அவதேஷ் நாராயண் சிங் தவளாவின் கணிதத்தை விளக்கினார். இனி, மேல்சித்தாமூர் பக்கத்துத் திண்டிவனம், செஞ்சிப் பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் இந்த 29 இலக்க எண்ணை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கணிப்பொறி வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிள்ளைகளையே பாதியாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.