சூழலும் குற்றமும்: நியூமன் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

மாந்தர் குற்றம் புரிதற்கு அவர்தம் பிறவிக்குணம் காரணமோ, அன்றி வாழுஞ் சூழல் காரணமோ என்பது நெடுநாளைய வினா. சிக்காகோ நகரை ஆராய்ந்த ஷோ, மக்கே என்னும் அறிஞரிருவர் 1942 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதற்குத் தெளிவானதொரு விடை தந்தது. நகரின் சில பகுதிகளிற் குடியிருந்த இனத்தவர் காலந்தோறும் மாறியும் ஆங்கு இளைஞர் குற்றம் குறைந்திலது; அவண் நின்றும் நீங்கிய இனத்தாரிடையே அது குறைந்தது. எனவே, குற்றத்தை ஓரினத்தின் இயல்பெனக் கோடல் தவறென்பது பெறப்பட்டது.

இவ்விருவரும் சமூகச் சூழலை நோக்கினர். 1972 இல் வெளிவந்த தம் நூலில் ஒஸ்கார் நியூமன் கட்டடங்களையே நோக்கினார். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் அயலயலாக அமைந்த பிறவுண்ஸ்வில், வான் டைக் என்னும் இரு குடியிருப்புக்களை அவர் ஒப்பிட்டார். குடிகளின் நிலை பெரிதும் ஒத்திருந்தும், மாடிகள் குறைந்த முன்னதினும் உயர்மாடிகள் மிக்க பின்னதிலேயே குற்றங்கள் மிகுந்தன. சில குடும்பங்களே ஒரு படிக்கட்டைப் பயன்படுத்துமிடத்து அயலான் எளிதில் இனங்காணப்படுவான். பலர்க்கும் பொதுவாகிய நடைவழியோ எவராலும் தமதெனப் பேணப்படாது. குற்றத்துக்கு இரையாவோரும் அவ்வழியே நடந்தாகவேண்டிய குடிகளே. குற்றவாளி யாரென்று மட்டும் வினவியோரை, குற்றம் எங்கு நிகழ்கின்றது எனவும் வினவச் செய்தமை நியூமனின் சிறப்பாகும்.

எனினும், அவர் பெரிதும் எடுத்தாண்ட சென் லூயிஸ் நகரத்துப் புறூயிற்-ஐகோ குடியிருப்பு வேறொன்றையும் உணர்த்துகின்றது. பதினொரு மாடிகொண்ட 33 கட்டடங்களாலான அக்குடியிருப்பில் 1954 இல் மக்கள் குடியேறினர். 1972 இல் அதனை இடித்தல் தொடங்கிற்று. பெரும்பாலான மாடிகளில் மின்தூக்கிகள் நில்லாமையும், காவலற்ற படிக்கட்டுக்களும் தீமைக்கு இடந்தந்தன என்பது மெய்யே. ஆயின், பராமரிப்புச் செலவு குடிகளின் வாடகையையே நம்பியிருந்தது. நகரின் மக்கட்டொகை குறைய வீடுகள் வெறிதாயின, வாடகை குன்றிற்று, பழுதுற்றவை பழுதுற்றவாறே கிடந்தன. 1969 இல் அந்நகரப் பொதுக்குடியிருப்பு மக்கள் வாடகை மறுப்புப் போராட்டமும் நடாத்தினர். கட்டட அமைப்பின்மீதே பழியனைத்தையும் சுமத்துதல் ஆட்சியாளரின் பிழையை மறைப்பதாகுமெனக் கதரின் பிறிஸ்ரல் 1991 இல் எழுதிய கட்டுரை காட்டிற்று. உயர்மாடிகளிலே வாயிற்காவலரோடு செல்வர் அச்சமின்றி வாழ்தலும் ஈண்டு நினைத்தற்குரியது. இவ்வேறுபாட்டை நியூமனும் அறிந்திருந்தார். அவர் கொள்கையைக் கையாண்டோரே இதனை மறந்தனர்.

இம்மறதி ஆசிரியராகிய எமக்கும் உரியதே. மாணவனொருவன் தவறுமிடத்து, "அவன் இருக்கும் இடம் அப்படி" என்று கூறி அமைகின்றோம். முன்னர் இனத்தின்மேல் ஏற்றிய பழியை இப்பொழுது இடத்தின்மேல் ஏற்றுகின்றோம். அதனைச் சுமப்பவனோ அச்சிறுவனே. சூழல் தானே தோன்றியதன்று, மாந்தர் ஆக்கியது. ஆதலின், அதனை அவ்வாறு ஆக்கியவர் யார், திருத்த வேண்டியவர் யார் என்னும் வினாக்களையும் உடன் எழுப்பும்பொழுதே சூழற்கொள்கை நீதியுடையதாகும்.