துடைத்த குரல்

டி. பிருந்தாவின் (1912–1996) குரல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. வீணை தனம்மாளின் பேத்தி. 1976இல் சங்கீத கலாநிதி. ஆனாலும் அவருடைய வணிகப் பதிவுகள் மிகக் குறைவு. ரசிகர்கள் அனுமதி பெற்றும் பெறாமலும் டேப்பில் பிடித்து, படியெடுத்து, படிக்கும் படியெடுத்துக் கைமாற்றிய பாட்டைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். கெங்குவார்பட்டியில் இருந்துகொண்டு க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களை அவர் குரலில் நான் கேட்பதும் அந்தத் தயவில்தான்.

இப்போது இப்படிப்பட்ட டேப்புகளைக் கணினியில் சுத்தம் செய்கிறார்கள். பாட்டில்லாத ஓர் இடைவெளியின் இரைச்சலை மாதிரியாக எடுத்து, முழுப் பதிவிலிருந்தும் மென்பொருள் அதைக் கழிக்கிறது. நல்லதுதான். ஆனால் டேப்பின் ‘உஸ்’ இருக்கும் அதே உயர் அலைவரிசையில்தான் சகர ஒலியும் மூச்சும் இருக்கின்றன. அளவு மீறினால் அவையும் போகும். பதத்துக்கு இது சின்ன இழப்பல்ல. காதலன்மேல் கோபித்து, தோழியிடம் முறையிட்டு, பாதியில் அதை மறைக்கவும் பார்க்கும் பெண்ணின் பேச்சு அது. சொல் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் அவள் மனம் இருக்கிறது. மென்பொருளுக்கு அந்தத் தேய்வும் இரைச்சலும் ஒன்று.

வேகம் இன்னொரு சிக்கல். டேப் சற்று வேகமாக ஓடினால் சுருதி ஏறும். முதிர்ந்த பெண்ணின் கனத்த குரல் சிறுமியின் குரலாக மெலியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் பல பழைய பதிவுகளின் அடியில் ஓடுகிறது. அது 53இல் கேட்டால் பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டை ஏறியிருக்கிறது என்று பொருள். (மின்சாரமும் கச்சிதமாக 50இல் நிற்பதில்லை, தோராயம்தான்.) முதல் வேலையாக அந்த ரீங்காரத்தைத் துடைத்துவிட்டால் சாட்சியும் போயிற்று.

பாடியவர் சம்மதித்தாரா என்ற கேள்வி மட்டும் துடைபடாது. தேவதாசி மரபில் வந்த பெண்களின் கலையை எடுத்துக்கொண்டு அவர்களை ஓரங்கட்டிய நூற்றாண்டு அது. கேட்காமல் எடுத்தவர்களே காப்பாற்றியும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை.

ஒப்பாரிப் பதிவிலும் இதே கோளாறு. மாணவிகள் கைபேசியில் எடுத்து வருகிறார்கள். இரைச்சல் நீக்கும் செயலி முன்னால் இருக்கும் ஒரு குரலை வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்களின் விம்மலையும் மாரடிப்பையும் அமுக்கிவிடுகிறது. ஒப்பாரியில் ஒருத்தியா அழுகிறாள்? மூலக் கோப்பைத் தொடாதே, செய்த மாற்றத்தை எழுதிவை என்கிறேன். பாடிய அக்காவிடம் போட்டுக் காட்டவும் சொல்கிறேன். அவர் கேட்டுவிட்டு “அழிச்சிரு தாயி” என்றால், மூலக் கோப்பையும் சேர்த்து அழித்துவிட வேண்டியதுதான்.