எண்ணிக்கையில் இருப்பவர்கள்

1938இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதற்கு எதிராக நடந்த போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சில எண்களைத் தவறாமல் சொல்வார்கள். கைதானவர்கள் 1198 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 1179 பேர். சிறை சென்றவர்களில் 73 பேர் பெண்கள். அம்மாக்களோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32 பேர். நானும் இந்த எண்களை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் வியப்பார்கள், கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு வரவேண்டிய கேள்வி மட்டும் வருவதில்லை: அந்த 73 பேர் யார்?

டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் என்று சில பெயர்கள் நம் நாவில் இருக்கின்றன. மற்றவர்கள் எண்ணாக மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரு தீவிர அரசியல் இயக்கத்தின் ஆவணக்காப்பகத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? அதில் எத்தனை ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன என்பதைக் கொண்டா? தலைவரல்லாத ஒரு பெண்ணை அதில் தேடினால் கண்டுபிடிக்க முடியுமா என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்கிறேன். அந்த அளவுகோலோடு சுயமரியாதை இயக்கத்தின் ஆவணங்களைப் பார்க்கிறேன்.

முதலில் எண்ணியது அரசு. எதிர்ப்பவர்களைச் சிறையில் அடைக்கிற அரசுக்குக் கணக்கு தேவை. பிரிட்டிஷ் ஆட்சியில் தமிழ் இதழ்களைப் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பவே மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அந்தச் சுருக்கங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. மூல இதழ் அழிந்த பிறகும் அதைக் கண்காணித்தவரின் குறிப்பு பிழைத்திருப்பது ஆவண உலகின் வேடிக்கைகளில் ஒன்று. ஆனால் கண்காணிப்பவர் ஆபத்தானதை மட்டுமே குறித்துக்கொள்வார். கூட்டத்துக்கு வர ஒரு பெண் வீட்டில் என்ன பாடுபட்டாள் என்பதற்கு அவருடைய படிவத்தில் இடம் கிடையாது.

அடுத்தது, இயக்கமே வைத்துக்கொண்ட பதிவு. 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ ஒருவருடைய குரல் மட்டும் கேட்ட இதழ் அல்ல. மாநாட்டு அறிக்கைகள், வாசகர் கடிதங்கள், சுயமரியாதைத் திருமணச் செய்திகள், பெண்கள் எழுதிய கட்டுரைகள், அவர்கள் மேடையில் பேசிய பேச்சுகள் எல்லாம் அதில் வந்தன. அந்த இதழிலிருந்து பின்னாளில் நூல்களாகத் தொகுக்கப்பட்டது எது? 1974இல் வே. ஆனைமுத்து மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது பெரியாரின் சிந்தனைகளை. 1925 முதல் 1938 வரையிலான ‘குடி அரசு’ எழுத்துகளைத் தொகுத்து வெளியிடுவது யாருடைய உரிமை என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 2009இல் அந்த வெளியீட்டைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது, தொகுதிகளும் வந்தன. அவற்றில் இருப்பதும் பெரியாரின் எழுத்தும் பேச்சும்தான்.

இந்தத் தொகுப்பாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்த அளவுக்குக்கூட நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் பலர் பேசிய ஓர் இதழ், தொகுக்கப்படும்போது ஒருவர் பேசிய நூலாகிறது. மற்றவர்களை யாரும் தணிக்கை செய்யவில்லை. ‘இது அவருடையது அல்ல’ என்று ஒதுக்கிவைத்தார்கள், அவ்வளவுதான். ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான் பெண்கள் இருக்கிறார்கள்.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். இந்த ஒரு தீர்மானம் எல்லோருக்கும் தெரியும். அன்று பெண்கள் தங்களுக்காகக் கேட்டது என்ன என்று நம் தேர்வுத்தாள்கள் கேட்பதில்லை. ஒரு பெண்கள் மாநாடு, ஓர் ஆணுக்குப் பட்டம் தந்த நிகழ்வாகவே நினைவில் தங்கிவிட்டது.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. திருச்சி நீலாவதி என்ற பெயரில் எழுதியவர்தான் பின்னர் நீலாவதி இராமசுப்பிரமணியம். நூலகப் பட்டியல் இருவரையும் இணைக்காவிட்டால், ஒரு வாழ்க்கை இரண்டு அரை வாழ்க்கைகளாகப் பிளந்துபோகும். குஞ்சிதத்தைத் தேடுகிறவர் பல நேரம் குத்தூசி குருசாமியின் வாழ்க்கைக் குறிப்பு வழியாகவே அவரிடம் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. ஆணுக்கு ஊர் மாறினாலும் பெயர் மாறுவதில்லை. பெண்ணுக்கு மணம் முடிந்ததுமே அகரவரிசையில் இடம் மாறிவிடுகிறது. பட்டியல் தயாரிப்பது அலுவலக வேலை என்று நினைக்கிறோம். அது அரசியல் வேலையும்தான்.

மூவலூர் இராமாமிர்தம் நிலைமை இன்னும் விசித்திரமானது. தேவதாசி முறைக்கு எதிராக அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல் 1936இல் வெளிவந்தது. 1989இல் அவர் பெயரில் அரசு ஒரு திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் அது மாணவிகளின் உயர்கல்விக்கான திட்டமாக மாறியது. அவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதிய பெண்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நாவலைப் படித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? பா. ஜீவசுந்தரி அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2003இல் கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் கே. ஸ்ரீலதா சுயமரியாதை இயக்கப் பெண்களின் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். இந்த மீட்பு வேலையைச் செய்தவர்கள் பெண்கள் என்பது தற்செயல் அல்ல.

அவர்கள் தேடிப்போகத் தாள் மிஞ்சியிருந்ததற்கும் சிலருடைய பித்து காரணம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தைக் கொட்டி ஞானாலயாவை வளர்த்தார்கள். மலிவான செய்தித்தாளில் அமிலம் இருக்கும். அச்சான நாளிலிருந்தே அது பழுத்து நொறுங்கத் தொடங்கிவிடும். மைக்ரோஃபிலிம் எடுக்கும்வரை அதைக் காப்பாற்றியது இந்தப் பித்துதான்.

காகிதத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தை 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மணந்துகொண்ட பெண்கள், சட்டத்தின் கண்ணில் மனைவியரே அல்ல என்று ஆனது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் முன்பு நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து ஏற்பு தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்களின் கையில் இருந்தது என்ன? ஓர் அழைப்பிதழ், ஒரு புகைப்படம், இதழில் வந்த ஒரு செய்தி. சட்டம் ஒப்புக்கொள்ளாத ஒரு வாழ்க்கை நடந்தது என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி.

அதற்காக, எல்லாவற்றையும் எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயக்கத்துப் பெண்ணின் கடிதத்தில் அவளுடைய துணிச்சல் இருக்கும், அவமானமும் இருக்கும். அடைக்கலம் தந்த வீட்டின் முகவரி இருக்கும், கைவிட்ட தோழரின் பெயரும் இருக்கும். எதை எப்போது திறப்பது என்ற முடிவு அவளுடையது. அவள் இல்லையென்றால், அவள் சார்பில் நிதானமாக யோசிக்கிறவர்களுடையது. காவல்துறைக் கோப்பு அவளிடம் அனுமதி கேட்டதில்லை. நம் ஆவணக்காப்பகம் கேட்க வேண்டும். அந்த வேறுபாடு இல்லாமல் போனால், நாமும் கண்காணிக்கிறவர்களாகத்தான் இருப்போம்.

ஆய்வு மாணவிகளிடம் நான் கேட்பது இதைத்தான். பெண் விடுதலை பற்றிப் பெரியார் சொன்னதை இன்னொரு முறை தொகுக்க வேண்டாம். பழைய இதழ் ஒன்றின் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பெண் பெயரையும் குறியுங்கள். கட்டுரை எழுதியவள், வரவேற்புரை சொன்னவள், தீர்மானத்தை வழிமொழிந்தவள், நாலணா நன்கொடை தந்தவள் என்று யாரையும் விட வேண்டாம். மணத்துக்கு முன்னும் பின்னும் அவள் பெயர் எப்படி மாறியது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அதோடு, உங்கள் ஊரில் ஏதாவது ஓர் இயக்கத்தில் இருந்த ஒரு பாட்டியின் வீட்டுப் பரணை ஒழிக்கும் செய்தி காதில் விழுந்தால், பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வருவதற்கு முன் நீங்கள் போய்விடுங்கள்.