புள்ளிருக்குவேளூரும் கோளச்சமும்

வண்ணார்பண்ணைக் கோயிலால் யாழ்ப்பாணத்தார்க்கு நன்கு பழகிய திருநாமம் வைத்தீசுவரன் என்பது. அத்திருநாமத்தாற் புகழ்பெற்ற புள்ளிருக்குவேளூர், சீகாழிக்கு அணித்தாயுள்ளது. அஃது இந்நாளிற் செவ்வாய்த் தலமென்றே பெரிதும் பேசப்படுகின்றது.

தேவாரம் காட்டும் வேளூரோ வேறு. சம்பந்தர் பதிகம் சம்பாதி, சடாயு என்போர் பூசித்த சிறப்பை விரிக்கும். அப்பர் திருத்தாண்டகம் இறைவனையே மந்திரமும் மருந்துமாகக் காணும். செவ்வாய் வழிபாடு இரண்டினும் இல்லை. செவ்வாயைப் பெயர்சுட்டும் கோளறு பதிகமும் அதனை அடியார்க்குத் தீங்கிழைக்காத கோளாகவே கூறும்.

அங்காரகன் இங்கு வழிபட்டுப் பிணி நீங்கினான் என்பது தலபுராணச் செய்தி. அதன்படியும் அவன் நோயாளியே, மருத்துவன் இறைவனே. அவ்வாறாகவும், செவ்வாய் தோஷமெனக் கன்னியர் மணத்தைத் தடுப்போர் அத்தலத்தையே சான்று காட்டல் பொருந்துமோ? பிணி தீர்க்கும் பதி அச்சம் வளர்க்கும் பதியாதல் தகாது.