சிலம்பு உடைந்தபோது நிரூபணமானது எது?

வழக்குரை காதையில் கண்ணகி எப்படி வென்றாள் என்று கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: அவள் சிலம்பில் மாணிக்கப் பரல், உடைத்த சிலம்பிலும் மாணிக்கம், ஆகவே அது அவளுடையது. நானும் ரொம்ப நாள் இதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன். தப்பு.

நான்காம் படிவக் கணிதத்தில் 'பிரெமிஸ்', 'கெசிம்புலான்' என்று படித்தீர்களே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். அந்த விடை நிற்க வேண்டுமென்றால், மாணிக்கப் பரல் உள்ள சிலம்பெல்லாம் கண்ணகியுடையது என்றொரு கூற்று நடுவில் ஒளிந்திருக்க வேண்டும். மதுரையில் வேறு யாரிடமும் மாணிக்கச் சிலம்பே கிடையாதா, என்ன?

வழக்கைத் தீர்த்தது பாண்டியன் சொன்ன கூற்று. தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனே சொல்கிறான். தெறித்ததோ மாணிக்கம். ஆகவே, இது அரசியின் சிலம்பு அன்று. அரசியின் சிலம்பைத் திருடினான் என்பதுதானே கோவலன்மேல் குற்றச்சாட்டு? அது யாருடையது என்று நிரூபிக்கவே தேவையில்லை. இதிலும் சொல்லாத கூற்று ஒன்று உண்டு: அவைக்கு வந்தது கோவலனிடம் பறித்த அதே சிலம்பு. கொண்டுவரச் சொன்னவனே மன்னன்; அதனால் அவன் அதை மறுக்க முடியாது.

அப்படியானால் கண்ணகி தன் பரலைப் பற்றி ஏன் முதலில் சொல்ல வேண்டும்? மன்னனை வாய் திறக்க வைக்கத்தான் என்பது என் வாசிப்பு. உடைக்கும் முன்பே சொன்னது அவள் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறது, உண்மைதான். ஆனால் வலு வேறு, உறுதி வேறு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மன்னனின் முதல் வாதம். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். 'கோவலன் கள்வன்', 'ஆகவே நான் தவறு செய்யவில்லை' என்ற இரண்டையும் நம்மிடமே விட்டுவிடுகிறான். அவன் சொன்ன பொதுவிதியைக் கண்ணகி எதிர்க்கவே இல்லை. விடுபட்ட இடத்தில்தான் கை வைக்கிறாள். பொற்கொல்லன் சொல்லைத் தவிர அந்தக் கூற்றுக்கு வேறு ஆதாரமே இல்லை. ஓர் உயிர் போனது அதை நம்பித்தான்.

கடைசியில் மன்னன் தன்னையே கள்வன் என்கிறானே, அங்கேயும் ஒரு படி விடுபட்டிருக்கிறது. வகுப்பில் கேட்டுப் பாருங்க. விசாரிக்காமல் பிறர் பொருளையும் உயிரையும் பறிப்பவன் கள்வன் என்று நான் நிரப்புவேன். 'தவறிவிட்டேன்' என்று மட்டும் அவன் சொல்லியிருந்தால் இந்தக் கூற்றே வேண்டியிருக்காது.