எறியப்பட்ட துகளும் எறியப்பட்ட துணிக்கையும்

இயக்கவியல் பாடத்தில் எறிபொருள் கணக்கு அநேகமாக ஒரே அச்சில்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் துகள் முதலிலேயே வந்துவிடும். அதன் நிறை, புறப்பட்ட இடம், வேகம், சாய்ந்த கோணம் எல்லாம் ஆஃப், ஃப்ரம், வித், அட், டு என்ற முன்னிடைச் சொற்களோடு ஒவ்வொன்றாகப் பின்னால் சேரும். தமிழில் அந்த வரிசை நிற்காது. நிறை துகளுக்கு முன்னால் போக வேண்டும். மற்றவை வேற்றுமை உருபேற்று வினைக்கு முன்னால் வர வேண்டும். ‘எறியப்படுகிறது’ என்பது கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் நடை இப்படிச் செய்யும்: ‘2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு துகள், ஒரு புள்ளியிலிருந்து கிடைத்தளத்துடன் 30 டிகிரி கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்துடன் எறியப்படுகிறது.’ இலங்கை நடையில் அதே கணக்கு: ‘2 கிலோகிராம் திணிவுடைய துணிக்கை ஒன்று, புள்ளி ஒன்றிலிருந்து கிடையுடன் 30 பாகை கோணத்தில், செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் எறியப்படுகின்றது.’

கலைச்சொல் வேறுபாடு உடனே கண்ணில் படும். அது சில இடங்களில் ஆபத்தானதும்கூட. சென்னை மாணவருக்கு ‘நிறை’ என்றால் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. யாழ்ப்பாண மாணவருக்கு அது எடை, அதாவது புவி இழுக்கும் விசை. சென்னையில் ‘வேகம்’ திசையற்றது. இலங்கையில் திசையுள்ளது, திசையற்றதற்கு அங்கே ‘கதி’ உண்டு. ஆனால் சொற்பட்டியல் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. வாக்கியம் கட்டும் முறையில் உள்ள சிக்கல் அப்படித் தீராது. அதைப் பற்றித்தான் இரு கரைகளிலும் போதுமான பேச்சில்லை.

‘ஒரு துகள்’, ‘துணிக்கை ஒன்று’ என்ற வேறுபாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தின் ‘ஏ’ பெயருக்கு முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டு நடை ‘ஒரு’வையும் அங்கேயே வைக்கிறது, பல வேளைகளில் தேவையில்லாத இடத்திலும். இலங்கை நடை எண்ணைப் பெயருக்குப் பின்னால் வைத்து, உருபை அதன் மேல் ஏற்றுகிறது: கடத்தி ஒன்றின், புள்ளி ஒன்றிலிருந்து. சிங்களத்திலும் இந்தப் பொருளைத் தரும் விகுதி பெயரின் இறுதியில்தான் சேர்கிறது. ஓமின் விதியைச் சொல்லும்போது தமிழ்நாட்டில் மின்னோட்டம் ‘கடத்தியின் வழியே’ பாய்கிறது; இலங்கையில் ‘கடத்தி ஒன்றினூடாக’ பாய்கிறது. இரண்டும் நல்ல தமிழே. ஆனாலும் ‘ஊடாக’ என்பதில் உள்ளே புகுந்து செல்லும் பொருள் தெளிவாக இருக்கிறது. ‘வழியே’ என்பது பாதையோரம் போவதற்கும் பொருந்தும்.

உண்மையான சோதனை குறியீடுகளில் வருகிறது. ஆங்கில முன்னிடைச் சொல் எந்த எழுத்துக்கும் எந்த எண்ணுக்கும் முன்னால் தனித்து நிற்கும். தமிழ் உருபு ஒட்டாமல் நிற்காது. எக்ஸ் என்ற ரோமன் எழுத்தோடு ‘இன்’ எப்படி ஒட்டும்? இலங்கை அச்சில் இடைவெளி விட்டு முழு உருபையும் எழுதுகிறார்கள்: எக்ஸ் இன் பெறுமானம், 2017 இல். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சிறுகோடு வருகிறது: எக்ஸ்-ன் மதிப்பு, 2017-ல். ‘ன்’ என்ற ஒற்றை மெய்யை மட்டும் கோட்டுக்குப் பின்னால் தொங்கவிடுவது படிப்பவரின் நாவைத் தடுக்கிறது. இந்த இடத்தில் இலங்கை வழக்கமே மேல். வகை நுண்கணிதத்திலும் சொல்லுருபு வேறுபடுகிறது: இங்கே எக்ஸ்-ஐப் ‘பொறுத்து’ வகையிடுவார்கள், அங்கே எக்ஸ் ஐக் ‘குறித்து’.

அலகுகளிலும் வழக்கம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டு அறிவியல் நூல்கள் பல மீ, வி, கிகி என்று அலகுக் குறியீடுகளையும் தமிழாக்கிக்கொண்டன. இலங்கை நூல்கள் உலகக் குறியீட்டையே ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டன. பின்னாளில் ஆங்கிலத்தில் படிக்கப்போகும் மாணவருக்கு இது ஒரு சுமையைக் குறைக்கிறது.

இலங்கை நடையின் இறுக்கத்துக்குத் தேர்வு முறையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) உயர்தரப் பரீட்சையில் ஒரே வினா சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போகிறது. மூன்றிலும் ஒரே விடை கிடைக்க வேண்டும். அறிவியலைத் தமிழில் எழுதும் பழக்கமும் அங்கே நீண்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு முதல் வேதியியல் வரை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் பெரும் போட்டித் தேர்வுகளில் தமிழ் இரண்டாம் பிரதியாகவே இருக்கிறது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டதாக வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ் வாக்கியத்தை நம்பி விடையெழுதிய பிள்ளையின் இழப்பு அப்படியே நின்றது.

இதனால் இலங்கை நடை குறையற்றது என்றாகாது. மூன்று மொழிகளையும் சமனாக்கும் முயற்சியில் ‘ஆகுமாறு’, ‘உடையதான’, ‘எனத் தரப்பட்ட’ என்று எச்சங்கள் அடுக்கப்பட்டு, நான்காம் வரியில்தான் எழுவாய் தலைகாட்டும் வாக்கியங்கள் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் நிபந்தனைகள் வினைக்குப் பின்னால் நீளலாம். படிப்பவர் ஏற்கெனவே துகளைப் பிடித்துவிட்டார். தமிழில் முன்னால் நீளும் ஒவ்வொரு நிபந்தனையையும் அவர் நினைவில் சுமக்க வேண்டும். ‘ஒரு துகள் எறியப்படுகிறது. அதன் நிறை 2 கிலோகிராம்’ என்று தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கரும்பலகையில் உடைத்துச் சொல்லும் முறை இங்கே உதவும். அச்சு நூல்களும் அதைத் தயங்காமல் ஏற்கலாம்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இப்போது பொறியியல் நூல்களை இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு தமிழுக்குக் கொண்டுவருகிறது. அந்தப் பிரதிகளைத் திருத்த உட்காரும் பதிப்பாசிரியர்கள், இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் கணித நூல்களையும் மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. குறியீட்டுக்குப் பின்னால் உருபை எப்படி எழுதுவது, ‘ஊடாக’ எங்கே, ‘வழியே’ எங்கே என்ற கேள்விகளுக்கு அங்கே அச்சேறிய விடைகள் இருக்கின்றன.