உபாத்தியும் சிசுபாலகனும்: தமிழ்த் திருமறையில் ‘நியாயப்பிரமாணம்’

கிறித்தவத் தமிழிலக்கியம் பற்றிய திறனாய்வுகள் பலவும் அதனை அறநூல் மரபோடு இணைத்துக் காண்பதிலேயே நிறைவு கொள்கின்றன. மோசே வழி வந்த பத்துக் கட்டளைகளைத் திருக்குறள் அதிகாரங்களோடு ஒப்பிடுவது அவற்றுள் ஒரு வகை. கொலை, களவு, பொய், பிறன்மனை நயத்தல் ஆகியவற்றை இருமரபும் கடிவதால் ஒப்பீடு எளிதில் அமைந்துவிடுகிறது. ஆயின் கிறித்தவ இறையியலில் சமயச் சட்டம் எதன்பொருட்டுத் தரப்பட்டது என்னும் வினா அவ்வொப்பீட்டில் எழுவதே இல்லை. அவ்வினாவுக்குப் பவுல் தரும் விடை தமிழில் இரண்டு சொற்களுக்குள் அடங்கியுள்ளது. ஒன்று ‘நியாயப்பிரமாணம்’; மற்றொன்று ‘உபாத்தி’.

எபிரேய மொழியில் ‘தோரா’ என்பது கற்பித்தல், வழிகாட்டுதல் என்னும் பொருளுடைய சொல். அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ‘நோமோஸ்’ என்றனர். அப்பெயர்ப்பால் போதனை என்னும் பொருள் பின்னே சென்று, சட்டம் என்னும் பொருள் முன்னே நின்றது. பவுலின் மடல்களில் வழங்குவது இக்கிரேக்கச் சொல்லே. 1871ஆம் ஆண்டுத் தமிழ்த் திருப்புதலில் அது ‘நியாயப்பிரமாணம்’ ஆயிற்று. மொழிபெயர்ப்பாளர் ‘நீதியின் விதி’ என்ற அளவிலேயே இச்சொல்லைக் கொண்டிருத்தல் கூடும். எனினும் தமிழ் மெய்யியல் பயின்றோர்க்குப் பிரமாணம் என்பது அளவை. அதாவது ஒன்றை ஐயமற அறிதற்குரிய கருவி. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை அளவைகளைப் பத்தாக விரித்துரைக்கிறது. சிவஞான சித்தியாரும் அளவைகளை வகுத்துக் கூறியே பொருளாராய்ச்சிக்குட் புகுகிறது. அளவை பொருளைக் காட்டும். பொருளைப் படைப்பதோ மாற்றுவதோ அதன் தொழிலன்று.

உரோமருக்கு எழுதிய மடலின் மூன்றாம், ஏழாம் அதிகாரங்களில் பவுல் வலியுறுத்துவதும் இதுவே. சட்டத்தால் விளைவது பாவத்தைப் பற்றிய அறிவு. பாவத்தினின்று விடுதலை அன்று. இலுத்தர் சட்டத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டதும் இக்கருத்துப் பற்றியே. முகத்து அழுக்கைக் கண்ணாடி காட்டும், கழுவாது. ஆக, மொழிபெயர்ப்பாளர் கருதியிருப்பினும் இல்லையெனினும், நியாயப்பிரமாணம் என்னும் தமிழ்ச்சொல் பவுலின் உட்கருத்தைக் கிரேக்க மூலத்தினும் தெளிவாகச் சுமந்து நிற்கிறது எனலாம்.

‘உபாத்தி’யின் நிலை வேறு. கலாத்தியர் மடலின் மூன்றாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணம் கிறிஸ்துவிடம் இட்டுச் செல்லும் ‘பைதகோகோஸ்’ எனப்படுகிறது. கிரேக்க, உரோமானிய இல்லங்களில் பைதகோகோஸ் என்பவன் ஆசிரியன் அல்லன். சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று மீட்டு வருபவன், தெருவில் அவன் நடத்தையைக் கண்காணிப்பவன், பெரும்பாலும் அடிமை. சிறுவன் வளர்ந்ததும் அவன் பணி முடிந்துவிடும். ‘உபாத்தி’ என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழுவதோ திண்ணைப்பள்ளியும் பிரம்பும். இதனால் சட்டம் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் ஆகிறது. கற்றவன் தேர்ச்சி பெற்று வீடுபேறு அடைவான் என்னும் எண்ணம் தோன்றுகிறது. பவுல் மறுக்க முனைந்ததே அவ்வெண்ணம்.

மலையாளத் திருமறை இங்கு ஒப்பிடத்தக்கது. 1910ஆம் ஆண்டின் சத்தியவேதபுஸ்தகமும் நியாயப்பிரமாணம் என்னும் அதே சொல்லையே ஆள்கிறது. ஆனால் உபாத்தி நிற்கும் இடத்தில் அது ‘சிசுபாலகன்’ என்கிறது. பாரதத்துச் சிசுபாலனை நினைவூட்டும் இடர்ப்பாடு இதற்கு உண்டெனினும், குழந்தையைக் காப்பவன் என்னும் பொருள் மூலத்துக்கு நெருக்கமானது. பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு போன்ற திருவனந்தபுரம் மாவட்டத்து மலையடிவார ஊரொன்றில், வீட்டில் தமிழ்த் திருமறையும் ஆலயத்தில் மலையாளத் திருமறையும் கேட்கும் ஒருவர் ஒரே வசனத்தில் இரு வேறு உருவங்களைக் காண்பார். ஒருவர் பிரம்பேந்தியவர், மற்றவர் கைபிடித்து நடத்துபவர்.

இவ்விடத்து ஒரு முரணும் உளது. உபாத்தி என்பது பவுலின் கிரேக்கத்துக்குப் பொருந்தாதாயினும், கற்பித்தல் என்னும் தோராவின் எபிரேயப் பொருளுக்கு அண்மையது. யூத மரபில் தோரா சுமையன்று. மகிழ்ந்து கற்கப்படும் போதனை. இதனை மறந்து, பழைய ஏற்பாட்டைத் தண்டனை நூலென்றும் புதிய ஏற்பாட்டை அன்பு நூலென்றும் பிரிக்கும் வழக்கம் தமிழ் ஆய்வுகளிலும் காணப்படுகிறது. இறைவனிடத்தும் பிறரிடத்தும் அன்பு கூர்க என இயேசு எடுத்துரைத்த இரு கட்டளைகளும் உபாகமத்திலும் லேவியராகமத்திலும் உள்ளவையே என்பது அப்பிரிவினையைத் தகர்க்கப் போதுமானது.

இலக்கியத் திறனாய்வுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் மூலம் ஜான் பன்யனின் 1678ஆம் ஆண்டு உருவகக் கதை. அக்கதையில் பயணி உலகியல் அறிஞன் ஒருவனது அறிவுரைப்படி, சட்டநெறியால் சுமை நீங்கும் என நம்பி மலையொன்றை அணுகுகிறான். மலை தலைமேல் விழுவதுபோல் சாய்கிறது, நெருப்புத் தெறிக்கிறது, சுமையோ முன்னினும் கனக்கிறது. பின்னொரு காட்சியில் புழுதி படிந்த அறையை ஒருவன் பெருக்க, எழுந்த தூசியால் பயணிக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு பெண் நீர் தெளித்த பின்னரே அறை தூய்மையாகிறது. துடைப்பம் சட்டம், நீர் நற்செய்தி. வாசல் தெளித்துப் பெருக்கும் தமிழ்மகளிர்க்கு இவ்வுருவகத்தை விளக்க வேண்டியதில்லை. தூசியைக் கிளப்பிக் காட்டுவதே துடைப்பத்தின் பணி என்பதை உணராதவர், கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தை நீதிபோதனையாகச் சுருக்குவர். அல்லது ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டத்தோடு நிறுத்தி, கம்பனின் சந்தத்தை மட்டும் அதில் தேடுவர். நல்லொழுக்கத்தால் கடைத்தேற முயன்று தோற்ற மனிதனின் அச்சமே அக்கதையை நகர்த்துகிறது. தோல்வியை அறிவிக்கும் அளவையாக மலை அங்கு நிற்கிறது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு நியாயப்பிரமாணத்தை விடுத்துத் ‘திருச்சட்டம்’ என்கிறது. வடசொல் நீங்கியது; பொதுவாசகர்க்கு எளிமை கிட்டியது. மரச்சட்டம், கதவுச்சட்டம் என வழங்கும் சொல்லாதலின், எல்லை வகுத்துத் தாங்குவது என்னும் குறிப்பும் உடன் வந்தது. இழந்தது அளவை என்னும் பொருள். உரோமர் மடலின் ஏழாம் அதிகாரத்தை இரு பெயர்ப்புகளிலும் அடுத்தடுத்துப் பயில்வோர் அவ்விழப்பு எங்கு நேர்ந்தது என்பதை உணர்வர்: முன்னதில் பேசுபவன் தன்னை அளந்து பார்த்துத் திகைக்கிறான், பின்னதில் அவன் சட்டத்தை மீறியவனாக மட்டுமே நிற்கிறான்.